பில்லிக்கும் பில்லவுக்கும் நடுவே

‘ஏலே சீனு’ என்று என்னைக் கூப்பிட இனி ஒருவரையும் மிச்சம் வைக்காமல் போய்விட்ட என் ரங்கக்காவுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. புதூரில் அத்தான் ஆடுகளில் பாதிக்கு மேல் விற்றுவிட்டார். மேய்க்க ஆளில்லை என்கிறார். நீ இல்லாத கொட்டிலுக்குள் காலையில் நுழைய முடியவில்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். உன் மகள் வாராவாரம் வந்து பார்த்துக்கொள்கிறாள். இந்த வருஷமும் மழை பிந்திவிட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் கல்லூரியில் உன்னோடு படித்தவர்கள் எல்லாரும் கூடுகிறார்கள். உன் தோழி ஸ்டெல்லாக்காதான் முன்னால் நின்று எல்லாவற்றையும் செய்கிறாள். உன்னைப் பற்றி நான் மேடையில் பேசவேண்டும் என்று போனில் கேட்டாள். உடனே ஒத்துக்கொண்டேன். முப்பது வருஷமாக நான் காத்திருந்த மேடை அது. உன் பட்டப்படிப்பு பரீட்சைக்கு ஏழு வாரம் இருக்கும்போது பறிபோனதே, அதற்குக் காரணமானவர்கள் யார் யார் என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்பதற்காக நாலு பக்கம் எழுதி வைத்தேன்.

அந்த நாலு பக்கத்தை நான் வாசிக்கப் போவதில்லை. கூட்டத்தன்று கொடுக்கும் மலரில் அச்சிடுவதற்கு இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். உன் செட்டுப் பிள்ளைகள் வாசிக்கட்டும். இதில் இருப்பது உனக்குப் பல வருஷமாகத் தெரிந்ததுதான். எனக்குத்தான் போன வாரம் தெரிந்தது.

உன் கல்லூரிக்குள் நான் போனது ஒரே ஒரு முறை. ஆனால் அங்கே எந்த மரத்தடியில் யார் உட்காருவார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். லீவுக்கு வரும்போதெல்லாம் நீ சொல்லிச் சொல்லி, என் கோவில்பட்டிக் கல்லூரியைவிட அதுதான் எனக்குப் பழக்கமாகிவிட்டது. எழுபதுகள் முடிகிற சமயம். நம் கிராமத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நீ. அம்மாவின் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, தகரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாய். யாராவது பெட்டியை மேலே வைக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்துபோய் முறைத்துக்கொண்டே போனாயாம்.

பருத்திக்காட்டுக்கு நடுவில் கட்டிய கல்லூரி. மழை பெய்தால் கரிசல் செருப்பில் அப்பி, வகுப்புக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாரும் ரெண்டு அங்குலம் வளர்ந்துவிடுவார்களாம். “குட்டைப் பிள்ளைகளுக்கெல்லாம் மழைன்னா கொண்டாட்டம்லே” என்பாய். விடுதிக் கிணறு உப்பு. வெள்ளிக்கிழமை மட்டும் டிராக்டரில் நல்ல தண்ணீர் வரும். அன்றைக்கு ஆளுக்கு ரெண்டு வாளி. தலைக்கு ஊற்றிக்கொள்ளும் முறைக்காக நீயும் ஸ்டெல்லாக்காவும் போட்ட சண்டையை, ஒரு வெள்ளிக்கிழமை விடாமல் எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாய்.

நீ தாவரவியல் படித்தாய். ஆவாரை, துத்தி, தும்பை என்று காட்டில் கிடந்ததையெல்லாம் பிடுங்கி வந்து, பழைய பேப்பருக்குள் விரித்து, மெத்தைக்கடியில் வைத்துப் படுத்துக்கொள்வாயாம். செடி நன்றாகத் தட்டையாகவேண்டும் என்று பக்கத்துக் கட்டில் பிள்ளைகளையும் வந்து உட்காரச் சொல்வாயாம். செடிகளின் லத்தீன் பெயரைத்தான் நீங்கள் வசவாக வைத்திருந்தீர்கள். “போடி, அக்காலிஃபா!” என்று நீ ஸ்டெல்லாக்காவை வைவாய். அது நம் குப்பைமேனி. அவள் பதிலுக்கு, “நீதாம்ட்டி நெருஞ்சி. ஒட்டினா விடமாட்ட” என்பாளாம். புதியம்புத்தூர்க்காரி. தையல் மிஷின் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். விடுதியில் பாதிப் பேருடைய ஜாக்கெட் அவள் பிரித்துத் தைத்ததுதான்.

உங்கள் வார்டனுக்கு நீங்கள் வைத்த பெயர் தராசம்மா. வருகிற கடிதத்தையெல்லாம் முதலில் உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பார். பிறகுதான் பிரித்து வாசிப்பார். அதற்குப் பிறகுதான் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். விடுதி நாள் நாடகத்தில் நீ அவரைப் போலவே கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து, ஒரு கடிதத்தைக் கையில் ஏந்தி, “இதுல முக்கால் பங்கு பாசம், கால் பங்கு பொய்” என்றாயாம். கொட்டகையே அதிர்ந்ததாம். மறுநாள் காலையில் உன்னைக் கூப்பிட்டனுப்பியிருக்கிறார். நடுங்கிக்கொண்டு போய் நின்றாய். “ரங்கநாயகி, நல்லாத்தான் செஞ்ச. ஆனா நான் இடது கையில எடை பாப்பேன். நீ வலது கையில பாத்துட்ட. அடுத்த வருஷம் கவனிச்சுச் செய்” என்றாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், சிரித்து.

அப்புறம் கொண்டம்மா. விடுதிச் சமையல்காரி. நாகலாபுரத்துக்காரி. நம்மைப் போலவே வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். எழுத்து வாசனை கிடையாது. அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் நம் பேச்சு பேசுகிற நாலைந்து பேரில் நீ ஒருத்தி என்று, “அம்மாயி, ரா” என்று உன்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, கம்பஞ்சோறும் மோர் மிளகாயும் கொடுப்பாராம். வீட்டு ஞாபகம் வரும் நாட்களில் நீ அங்கேதான் போய் உட்கார்ந்திருப்பாய்.

இவ்வளவும் உன் வாயால் கேட்டவை. இனி எழுதுவது நான் செய்தது.

நமக்குத் தெலுங்கு பேசத்தான் தெரியும், எழுதத் தெரியாது. அதனால் தமிழ் எழுத்தில் தெலுங்கை எழுதி உனக்கு அனுப்புவது என் கண்டுபிடிப்பு. உங்கள் தராசம்மா வாசித்தாலும் விளங்கக்கூடாது என்று எனக்கு ஒரு திமிர். நீ வேண்டாம் என்றாய். “சீனு, தமிழ்லயே எழுது. அவிய ஒண்ணுஞ் சொல்லமாட்டாவ. மறைச்சாத்தாம்லே சந்தேகம் வரும்.”

“நம்ம பேச்ச நாம எழுதுதோம். அவியளுக்கு என்ன?” என்றேன். பத்தொன்பது வயது. எல்லாம் தெரிந்தவன்.

உன் மூன்றாம் வருஷம், மாசி மாதம், வீட்டில் நீ சீராட்டி வளர்த்த பூனை சினையாக இருந்தது. அம்மாவுக்குத் தெரிந்தால் சாக்கில் கட்டிப் பக்கத்து ஊரில் விட்டுவிடுவாள். உனக்கு மட்டும் சொல்லவேண்டும் என்று இன்லேண்டு லெட்டரில் எழுதினேன். ‘பில்லி கடுபுதோ உந்தி. அம்மகி செப்பலேது.’ பூனை வயிற்றோடு இருக்கிறது, அம்மாவிடம் சொல்லவில்லை. ஆடுமாட்டுக்குச் சொல்கிற சொல் வேறு. நீ அந்தப் பூனையை மகளைப் போல் வைத்திருந்ததால், மனுஷிக்குச் சொல்கிற சொல்லையே கேலியாகப் போட்டேன்.

வார்டனுக்கு அர்த்தம் விளங்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போய், யாருக்கு வந்தது என்று சொல்லாமல், கொண்டம்மாவிடம் வாசித்துக் காட்டினார். அவர் கீரை ஆய்ந்துகொண்டே, “பொண்ணு ஒண்ணு மாசமா இருக்குதாம்மா. அம்மாகிட்டச் சொல்லலியாம்” என்றார். தெலுங்கில் பில்லி என்றால் பூனை. பில்ல என்றால் பெண்பிள்ளை. வாளியோடு வாசலில் நின்ற ரெண்டு பிள்ளைகள் அதைக் கேட்டார்கள், கடிதத்தின் மேல் உன் பெயரையும் பார்த்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் விடுதி முழுக்கத் தெரிந்துவிட்டது. வார்டன் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது நீ முதலில் சிரித்தாய். “பூனை மேடம், எங்க வீட்டுப் பூனை!” யாரும் உன்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை.

தந்தி போய், மறுநாள் அப்பா வந்தார். கடிதத்தை வாங்கி ஒரு தடவை வாசித்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “இது பூனைம்மா. உங்க சமையக்காரி தப்பாச் சொல்லிட்டா” என்றார்.

வார்டனுக்கு அப்போதுதான் மூச்சு வந்ததாம். “ரொம்ப சந்தோஷம். பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரந்தான் இருக்கு. பிள்ளைய அழைச்சிட்டுப் போயிராதீங்க. நான் பொறுப்பு” என்று கெஞ்சியிருக்கிறார்.

“பூனையோ பொண்ணோ, பேச்சு வந்துருச்சுல்லா. இனி இங்கன விட்டுவைக்க மாட்டேன்” என்றார் அப்பா. சாயங்கால பஸ்ஸில் நீ வீட்டுக்கு வந்தாய். உன் மெத்தைக்கடியில் இருந்த செடிகளை எடுக்கக்கூட உன்னை விடவில்லை.

மூன்றாம் நாள் நான் பஸ் ஏறி உன் கல்லூரிக்குப் போனேன். உனக்குச் சொல்லவில்லை. பிரின்ஸ்பால் அறையில் நின்று, ‘பில்லி’ என்றுதான் எழுதினேன் என்று அம்மா மேல் சத்தியம் செய்தேன். கொண்டம்மாவைக் கூப்பிட்டார்கள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து வராந்தாவில் நின்றார்.

“தம்பி, அம்மா வாசிச்சதத்தான் நான் சொன்னேன். என் காதுல பில்லன்னுதான் விழுந்துச்சு. நம்ம பிள்ளைக்கு வந்த கடுதாசின்னு தெரிஞ்சா வாயத் தொறந்திருப்பேனா?”

“பூனைக்கும் பொண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது, நீயெல்லாம் தெலுங்கு பேசுத? பொய் வேற சொல்லுத!” என்றேன். என் அம்மா வயது அவருக்கு. வார்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீங்க பேசாதீங்க. அடுத்தவங்க கடுதாசி வாசிக்கிற உங்களுக்குப் பேச என்ன இருக்கு?” என்று அவர் வாயையும் அடைத்தேன். அந்த மாதக் கடைசியில் கொண்டம்மாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். கேள்விப்பட்டபோது எனக்கு நிறைவாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

வைகாசியில் உனக்குக் கல்யாணம். அத்தான் நல்ல மனுஷர். அதையும்கூட நான் ஒரு குறையாகத்தான் வைத்திருந்தேன். அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் என் கோபத்துக்கு இன்னும் தோதாக இருந்திருக்கும். நான் படித்தேன், எம்.ஏ. முடித்தேன், வரலாற்று ஆசிரியரானேன். நீ புதூரில் வானம் பார்த்த நிலத்தில், ஆடு கடிக்கிற செடிகளின் லத்தீன் பெயரை ஆட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். உன்னை வந்து பார்த்துவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் யாரையாவது திட்டாமல் எனக்குப் பஸ் பயணம் கழிந்ததில்லை.

ஒரு முறை எட்டயபுரம் போகிற பஸ்ஸில் அந்த வார்டனைப் பார்த்தேன். வயதாகி, ஒடுங்கிப்போய், கையில் மருந்துப் பையோடு உட்கார்ந்திருந்தார். பஸ் முழுக்கக் கேட்கும்படி, “ஒரு பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்தவங்கள்லாம் நல்லாத்தான் இருக்காங்க” என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். அங்கே வேலிக்கருவை முட்புதரைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவருக்கு அது இறங்கவேண்டிய இடமில்லை என்று பஸ் நகர்ந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.

அப்பாவோடு அவருடைய கடைசி ஒன்பது வருஷமும் நான் பேசவில்லை. நீ எத்தனை முறை சொன்னாய்? “விடுலே. எனக்கே இல்லாத கோவம் உனக்கு என்னத்துக்கு?”

“உனக்கு ரோஷம் இல்ல. அதான் எனக்குச் சேத்து வருது” என்பேன். நீ பேச்சை மாற்றிவிடுவாய். எனக்கு அது அலுப்பு என்று தோன்றும்.

போன செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லாக்கா கோவில்பட்டிக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். முந்தின நாள்தான் என் நாலு பக்கத்தைப் போனில் அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். காப்பியைக்கூடத் தொடவில்லை.

“தம்பி, நீ அதை அங்கன வாசிக்கக்கூடாது.”

“ஏன்க்கா? உங்க காலேஜ் பேரு கெட்டுருமாக்கும்?”

“காலேஜ் கெடக்கட்டும்லே. கெடப்போறது உன் பேரு.”

கைப்பையிலிருந்து ஒரு இன்லேண்டு லெட்டரை எடுத்து மேஜை மேல் வைத்தாள். நாலாக மடித்து, மடிப்பில் பழுப்பேறியிருந்தது. அப்பா இறந்த பிறகு அவர் பெட்டியில் கிடந்ததாம். நீ எடுத்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளிடம் கொடுத்தாயாம். வீட்டில் வைத்திருந்தால் என் கண்ணில் பட்டுவிடும் என்று.

“அவ போன பிறகு எங்கிட்டக் கொடுக்கச் சொன்னாளா?” என்று கேட்டேன்.

“இல்ல. அன்னைக்கே எரிக்கச் சொன்னா. எரிச்சிட்டேன்னு அவகிட்டப் பொய் சொன்னேன். உன்னைய நெனச்சி இல்ல தம்பி, கொண்டம்மாவ நெனச்சி எரிக்கல.”

பிரித்தேன். என் எழுத்து. அந்த வயதில் என் எழுத்து அழகாக இருக்கும், உனக்குத் தெரியும். நாலாவது வரி. ‘பில்ல கடுபுதோ உந்தி.’ ரெண்டாவது ‘ல’வுக்கு மேல் போடவேண்டிய மேல்விலங்கு, அந்தச் சின்ன வளைவு, இல்லை. மை கலைந்ததோ என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கலையவில்லை. பேனா அங்கே தொடவே இல்லை. கடிதத்தில் மற்ற ‘லி’ எல்லாம் சரியாக இருந்தன. வார்டன் இருந்ததை வாசித்தார். கொண்டம்மா கேட்டதைச் சொன்னார். தப்பாகச் செய்தது நான் ஒருத்தன்தான்.

வரலாற்று வாத்தியார், அக்கா. மூலத்தைப் பார்க்காமல் பேசாதே என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன்.

அப்பா அன்றைக்கே பார்த்திருக்கிறார். பார்த்ததும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தது அதனால்தான். மகன் பேரில் பிழை வரக்கூடாது, சமையல்காரி பேரில் போகட்டும். ஒன்பது வருஷம் நான் முகம் திருப்பிக்கொண்டு போனபோதும் அதை எடுத்து என் முன்னால் போடவில்லை. இதற்காக நான் அவருக்கு நன்றி சொல்லவேண்டுமா? வரவில்லை, அக்கா. பூனைதான் என்று தெரிந்த பிறகும் உன்னைப் பஸ் ஏற்றியவர் அவர்தானே. அந்த ஏழு வாரத்தை அவர் உனக்குத் தந்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை. போகும் என்று உன்னிடம் பொய் சொல்லவும் மாட்டேன்.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். பன்னிரண்டு வருஷம், ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் நான் அந்த வார்டனையும் கொண்டம்மாவையும் வைது தீர்த்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து என் இலைக்குப் பாயசம் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தாயே, அப்போது உனக்கு என்ன தோன்றியது? நான் தாங்கமாட்டேன் என்று நினைத்தாயா? அல்லது, சொன்னாலும் இவன் வேறொருவரைக் குற்றவாளியாக்கிவிடுவான் என்று என்னை நன்றாக அறிந்து வைத்திருந்தாயா?

ஸ்டெல்லாக்கா இன்னொன்றும் சொன்னாள். கொண்டம்மா உயிரோடு நாகலாபுரத்தில் இருக்கிறாராம். எண்பதைத் தாண்டிவிட்டது. கண் மங்கல். அந்தக் கடிதம் கிடைத்த வருஷத்திலிருந்து, மிளகாய் பறிப்பு முடிந்ததும் வருஷத்துக்கு ஒரு தடவை நீ அங்கே போயிருக்கிறாய். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று எங்களிடம் சொன்ன நாட்களில் சில அவை. முதல் தடவை போனபோதே, “நீங்க சரியாத்தான் சொன்னீங்க. என் தம்பி தப்பா எழுதிட்டான்” என்று அவர் காலடியில் உட்கார்ந்து சொன்னாயாம்.

“அதுக்கு அவிய என்ன சொன்னாவ?” என்று கேட்டேன்.

“‘நீ சொல்லி என்ன அம்மாயி? பொய் சொல்லுதேன்னு சொன்னது நீயில்லியே’ன்னாவளாம்.” ஸ்டெல்லாக்கா அப்போதுதான் காப்பியை எடுத்தாள். ஆறிப்போயிருந்தது. “இந்தக் கூட்டத்துக்கு நான்தான் போய்க் கூப்பிட்டேன் தம்பி. எங்களுக்கெல்லாம் சோறு போட்ட கையில்லா. வரமாட்டேன்னுட்டாவ. பொய்காரின்னு சொல்லி அனுப்பின எடத்துக்கு எதுக்கு வரணும்னு கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல?”

அன்று முழுவதும் வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்தேன். பழைய பழக்கம் விடவில்லை. கடிதத்தை வாசித்தது வார்டனின் தப்புதானே, மற்றவர் கடிதத்தைப் பிரிப்பது அநியாயம்தானே என்று ஒரு வக்கீல் என் உள்ளே பேசிக்கொண்டே இருந்தான். அநியாயம்தான். அந்த வார்டனும் இறந்து ஏழெட்டு வருஷமாகிறதாம். அந்த அம்மாளை வேலிக்கருவைக்கு நடுவில் இறக்கிவிட்டதற்கு இனி நான் யாரிடம் போய்ச் சொல்வது?

கொண்டம்மா இருக்கிறார். ஆகவே உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சனிக்கிழமை காலையில் நாகலாபுரம் போகிறேன். துணைக்கு ஸ்டெல்லாக்கா வேண்டாம். உன் பெயரைச் சொல்லிக்கொண்டும் உள்ளே நுழையமாட்டேன். பிரின்ஸ்பால் அறையில் நாலு பேர் கேட்கத்தான் அவரைப் பழித்தேன். அவர் தெருவிலும் நாலு பேர் கேட்கத்தான் சொல்வேன், நம் தெலுங்கிலேயே: சரியாகச் சொன்னது நீங்கள், தப்பாக எழுதியது நான், சத்தியம் செய்தது பொய். அவர் வைதால் நின்று கேட்டுக்கொள்வேன். பதில் பேசமாட்டேன். இது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

மனமிரங்கி அவர் வந்தால், ஞாயிற்றுக்கிழமை உன் தோழிகள் நடுவில் அவரை உட்காரவைப்பேன். வரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. அப்படிச் சொன்னால் அந்த மேடைக்கு நானும் போகமாட்டேன். நான் சொல்லவேண்டியதை இந்தத் தாள் சொல்லிக்கொள்ளும். உன் தோழிகள் இதை வாசிக்கும் நேரத்தில் நான் நாகலாபுரத்தில், அவர் எழுந்து போ என்று சொல்கிறவரை, அவர் வாசல்படியில் உட்கார்ந்திருப்பேன்.

உனக்குப் பின் பிறந்து, உன்னால் கடைசிவரை காப்பாற்றப்பட்ட தம்பி,
சீனிவாசன்